ஓட்டமும் தசை வலியும்: டென்மார்க் ஆய்வுகள் சொல்வது என்ன?

இலங்கையின் சிவனொளிபாத மலைக்கோ, தமிழகத்தின் பழநி மலைக்கோ சென்று திரும்பியவர்கள் பலருக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. படியேறும்போது மூச்சு வாங்குகிறது, இதயம் படபடக்கிறது. இறங்குவது எளிதாகவே இருக்கிறது. ஆனால் மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ வீட்டுப் படிக்கட்டில்கூட கால் வைக்க முடியாதபடி தொடைகள் வலிக்கின்றன. இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் மூச்சிரைக்க வைத்த ஏற்றம் அல்ல, சிரமமின்றிக் கடந்த இறக்கம்தான்.

ஓட்டப் பயிற்சியிலும் இதே நிலைதான். சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடுவது, மேட்டில் ஏறுவது, சரிவில் இறங்குவது, பல மணி நேரம் ஓடுவது, சில விநாடிகள் மட்டும் முழு வேகத்தில் பாய்வது ஆகிய அனைத்தையும் ஓட்டம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். ஆனால் இவை ஒவ்வொன்றும் தசைகளைப் பாதிக்கும் விதமும், அந்தப் பாதிப்பிலிருந்து தசைகள் மீள எடுத்துக்கொள்ளும் காலமும் வெவ்வேறானவை. எவ்வளவு வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து ஓய்வின் அளவைத் தீர்மானிப்பவர்கள் பல நேரங்களில் தவறான முடிவுக்கே வருகிறார்கள்.

இந்த வேறுபாடுகளைப் பல தலைமுறைகளாக ஆராய்ந்துவரும் நாடுகளில் ஒன்று டென்மார்க். அந்நாட்டின் மிக உயர்ந்த இயற்கையான நிலப்பகுதியான மோல்லஹோய், கடல் மட்டத்திலிருந்து 171 மீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை. மலைகளே இல்லாத அந்த நாட்டின் தலைநகர் கோபன்ஹேகனில்தான், இறங்கும்போது தசைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு முக்கியமான விடைகள் சில கிடைத்தன.

நூற்றாண்டு கால மரபு

கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சியின் அறிவியல் அடிப்படையைக் கற்பிக்கும் பணி 1909ஆம் ஆண்டிலேயே யோஹன்னஸ் லிண்ட்ஹார்ட் என்ற மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடன் இணைந்து பணியாற்றிய ஆகஸ்ட் குரோக், தசைகளில் உள்ள நுண்ணிய இரத்த நாளங்கள் தேவைக்கேற்ப எவ்வாறு திறந்து மூடுகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக 1920ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

இவர்களைத் தொடர்ந்து வந்த எர்லிங் ஆஸ்முசன், 1950களில் இருவகைத் தசை உழைப்பை ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஒரு பளுவை உயர்த்தும்போது தசை சுருங்கியபடியே விசையைத் தருகிறது. அதே பளுவை மெதுவாகக் கீழே இறக்கும்போது, தசை விசையைத் தந்துகொண்டே நீள்கிறது. முதலாவது உந்தும் வேலை என்றால் இரண்டாவது தடை போடும் வேலை. தடை போடும் வேலைக்கு உடல் செலவிடும் ஆற்றலும் ஆக்சிஜனும் மிகக் குறைவு. ஆயினும் அடுத்த நாட்களில் வலியை உண்டாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை உழைப்புத்தான் என்பதை 1956இல் வெளியான ஆய்வில் அவர் எடுத்துக்காட்டினார். இந்த வலியின் மூலம் தசையில் சேரும் கழிவுப்பொருள் அன்று, தசை மீது விழும் இழுவிசையே என்பது அதிலிருந்து கிடைத்த முக்கியமான முடிவு.

லாக்டிக் அமிலம் மீதான பழி

கடுமையாக ஓடினால் தசைகளில் லாக்டிக் அமிலம் தேங்குகிறது, மறுநாள் வலிப்பதற்கு அதுவே காரணம் என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உள்ளது. ஆனால் கடும் ஓட்டத்தில் உருவாகும் லாக்டேட், ஓட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து பெரும்பாலும் அகன்றுவிடுகிறது. வலியோ பல மணி நேரம் கழித்தே தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைகிறது.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. 45 நிமிடங்கள் சமதளத்தில் ஓடியவர்களின் இரத்தத்தில் லாக்டேட் அளவு உயர்ந்தது. அவர்களுக்குப் பின்னர் குறிப்பிடத்தக்க வலி ஏற்படவில்லை. அதே நேரம் சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் உயரவில்லை. ஆனால் வலி வந்தது. ஆஸ்முசன் சுட்டிக்காட்டிய வேறுபாட்டை ஓட்டத்திலேயே நிறுவிய சோதனை என்று இதனைக் கூறலாம்.

சரிவில் இறங்கும் ஓட்டம்

ஓடும்போது ஒவ்வொரு முறையும் பாதம் தரையில் படுகையில், உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசையைக் கால் தாங்குகிறது. அப்போது முழங்கால் சற்று மடங்குகிறது. அது முற்றாக மடங்கிவிடாதபடி தொடையின் முன்புறத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. இழுத்துப் பிடித்தபடியே அவை நீள்கின்றன. சமதளத்தில் இந்தத் தடை போடும் வேலை அளவோடு இருக்கிறது. மேட்டில் ஏறும்போது அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எனவேதான் மேட்டு ஓட்டம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கடும் சோதனையாக இருந்தாலும், அதன் பின் வரும் தசை வலி ஒப்பீட்டளவில் குறைவு. சரிவிலோ ஒவ்வொரு அடியிலும் தடை போட வேண்டியிருக்கிறது.

தசை இழை ஒவ்வொன்றும் சங்கிலிக் கண்ணிகளைப் போல் வரிசையாக அமைந்த நுண் அலகுகளால் ஆனது. விசையோடு நீளும்போது இவற்றில் வலுக்குறைந்த சில அளவுக்கு மீறி இழுபட்டு ஒழுங்கு குலைகின்றன. தசையின் வலு உடனேயே குறைகிறது. பின்னர் திரவம் சேர்ந்து வீக்கம் ஏற்படுகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் அங்கு வந்து சீரமைப்பைத் தொடங்குகின்றன. தசைக்குள் இருக்க வேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி இரத்தத்தில் கசிகிறது.

எனினும் வலி என்றாலே இழைகள் சிதைந்துவிட்டன என்று பொருளல்ல. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் ஒரு கால் தசை அவர்களது சுய முயற்சியாலும், மற்றொரு கால் தசை மின்தூண்டலாலும் தடை போடும் வேலையைச் செய்தன. இரண்டு கால்களிலும் வலி ஏற்பட்டது. ஆனால் இழைகளின் சிதைவு மின்தூண்டல் பெற்ற காலில்தான் தெளிவாகத் தென்பட்டது. சுயமாக உழைத்த காலில், இழைகளைச் சூழ்ந்துள்ள இணைப்புத் திசுவில்தான் மாற்றங்கள் காணப்பட்டன. மறுநாள் வலியில் தசையின் உறைக்கும் பெரும் பங்கு உண்டு என்பதையே இது காட்டுகிறது.

இந்தப் பாதிப்பு ஒரு பாதுகாப்பையும் விட்டுச் செல்கிறது. ஒரு முறை சரிவில் ஓடி வலியை அனுபவித்த தசை, சில வாரங்களுக்குள் அதே ஓட்டத்தை மீண்டும் சந்திக்கும்போது மிகக் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. சென்னைக் கடற்கரையிலோ, டென்மார்க்கின் சமவெளியிலோ மட்டுமே பயிற்சி எடுத்த ஒருவர் மலைப்பாதைப் போட்டிக்குச் சென்று முடங்கிப்போவதற்கும், மலைநாட்டில் வாழ்பவர் அதே பாதையில் எளிதாக ஓடிவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

நெடுந்தூர ஓட்டம்

மாரத்தான் போன்ற நெடுந்தூர ஓட்டங்களில் இரண்டு பாதிப்புகள் ஒன்றுசேர்கின்றன. பல்லாயிரம் அடிகளின் மோதல் தசையைப் பாதிக்கிறது. தசையில் சேமித்துவைக்கப்பட்ட கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து எரிபொருளும் தீர்ந்துபோகிறது.

கோபன்ஹேகனில் எரிக் ரிக்டரும் அவரது சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நன்கு பயிற்சி பெற்ற 7 மாரத்தான் ஓட்டக்காரர்களின் கெண்டைக்கால் தசையிலிருந்து போட்டிக்கு முன்பும், முடிந்தவுடனும், 1, 2, 7 நாட்களுக்குப் பிறகும் சிறு துணுக்குகள் எடுத்துப் பரிசோதிக்கப்பட்டன. போட்டி முடிந்தபோது கிளைக்கோஜனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு செலவாகியிருந்தது. மாவுச்சத்து நிறைந்த உணவை உட்கொண்டபோதிலும், இரண்டு நாட்களுக்குப் பின்னரும் அதன் அளவு முன்பிருந்ததைவிட 30 சதவீதம் குறைவாகவே இருந்தது. ஏழாம் நாளில்தான் அது பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

மிதிவண்டி ஓட்டுவது போன்ற, தசையை அதிகம் காயப்படுத்தாத உழைப்புக்குப் பின் தகுந்த உணவு கிடைத்தால் ஏறத்தாழ ஒரு நாளில் கிளைக்கோஜன் நிரம்பிவிடக்கூடும். காயம்பட்ட தசையிலோ எரிபொருளை மீண்டும் சேமிக்கும் வேலையும் தாமதமாகிறது. கடுமையான தடை போடும் உழைப்புக்குப் பின், இன்சுலினுக்குத் தசை காட்டும் எதிர்வினை தற்காலிகமாகக் குறைகிறது என்பதையும் இதே ஆய்வாளர்கள் 1990களில் காட்டினார்கள். நீரிழிவைக் கட்டுப்படுத்த ஓடத் தொடங்கும் தமிழர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. பழக்கமில்லாத கடும் ஓட்டத்துக்கு மறுநாள் சர்க்கரை அளவு எதிர்பார்த்தபடி குறையாமல் இருந்தால், உடற்பயிற்சியே பயனற்றது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

விட்டுவிட்டு விரையும் ஓட்டம்

மூன்றாவது வகை, குறுகிய நேரம் முழு வேகத்தில் ஓடி, இடையிடையே மெதுவாக ஓடுவதாகும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யென்ஸ் பாங்ஸ்போவும் அவரது சகா தாமஸ் குன்னார்சனும் இதற்கென வகுத்த முறை 10-20-30 என்று அழைக்கப்படுகிறது. 30 விநாடி மிக மெதுவாகவும், 20 விநாடி மிதமாகவும், 10 விநாடி ஏறத்தாழ முழு வேகத்திலும் ஓட வேண்டும். இதை இடைவிடாமல் ஐந்து முறை செய்தால் ஐந்து நிமிடம் ஆகும். பின்னர் இரண்டு நிமிட ஓய்வு. இப்படி மூன்று அல்லது நான்கு சுற்றுகள்.

2012ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வில் ஓரளவு பயிற்சி பெற்ற 18 பேர் பங்கேற்றனர். இந்த முறைக்கு மாறியவர்கள் வாரத்தில் ஓடும் தூரத்தைப் பாதிக்கும் மேலாக, அதாவது சுமார் 30 கிலோமீட்டரிலிருந்து 14 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டனர். ஏழு வாரங்களின் முடிவில் 5 கிலோமீட்டர் தூரத்தை அவர்கள் 48 விநாடிகளும், 1,500 மீட்டரை 21 விநாடிகளும் முன்னதாகக் கடந்தனர். இரத்த அழுத்தத்திலும் கொழுப்பின் அளவிலும் முன்னேற்றம் காணப்பட்டது.

இந்தப் பயிற்சியின் ஓர் அமர்வில் முழு வேகத்தில் ஓடும் நேரம் மொத்தமாகக் கூட்டினாலும் மூன்றரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை. தரையில் மோதும் அடிகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைகிறது. ஆனால் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே ஓடிப் பழகியவர்கள், அவர்களின் எண்ணிக்கையும் சிறியது என்பது குறிப்பிடத்தக்கது. முழு வேகத்தில் பாயும்போது தொடையின் பின்புறத் தசை மிகக் கடுமையாக இழுபடுகிறது. பல ஆண்டுகளாக ஓடாத ஒருவர் முதல் நாளிலேயே முழு வேகத்தை முயன்றால் தசை கிழியும் ஆபத்து உண்டு.

கால்பந்தாட்டம் இந்த வகை ஓட்டத்தின் கடுமையான வடிவம். திடீரெனப் பாய்வதும், திடீரென நிற்பதும், திரும்புவதும் மாறி மாறி வருவதால், ஒரு போட்டிக்குப் பின் கிளைக்கோஜன் முழுமையாக நிரம்ப இரண்டு முதல் மூன்று நாட்கள் தேவைப்படுவதை டென்மார்க் ஆய்வுகள் காட்டியுள்ளன.

காயப்படுத்தும் விசையே காப்பாற்றுமா?

தசை வலி வேறு, தசைக் கிழிசல் வேறு. முன்னது பல மணி நேரம் கழித்து மெதுவாக வந்து, சில நாட்களில் தானே மறைவது. பின்னது ஓடிக்கொண்டிருக்கும்போதே சுளீரென்று தாக்குவது.

கிழிசலைத் தடுப்பதற்கு, வலியைத் தரும் அதே தடை போடும் உழைப்பையே மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்பதை டென்மார்க்கின் 50 கால்பந்து அணிகளில் 942 வீரர்களிடம் ஆய்வாளர்கள் சோதித்தனர். ஒரு பிரிவினர், முழங்காலிட்டு உடலை மெதுவாக முன்னோக்கிச் சாய்க்கும் பயிற்சியைப் பத்து வாரங்கள் படிப்படியாகக் கூட்டிச் செய்தனர். 2011இல் வெளியான முடிவுகளின்படி, வழக்கமான பயிற்சி மட்டும் செய்தவர்களிடையே 52 பின்தொடைக் காயங்களும், கூடுதல் பயிற்சி பெற்றவர்களிடையே 15 காயங்களும் மட்டுமே பதிவாயின.

கிழிசல் ஏற்பட்ட பிறகும் நீண்ட ஓய்வு நல்லதா என்ற கேள்வி எழுகிறது. கோபன்ஹேகனின் பிஸ்பெபியர் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு விடையளித்தனர். தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை கிழிந்த 50 விளையாட்டு வீரர்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டாம் நாளிலும், மற்றவர்களுக்கு ஒன்பதாம் நாளிலும் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்கப்பட்டது. முன்கூட்டியே தொடங்கியவர்கள் சுமார் 62 நாட்களிலும், தாமதித்தவர்கள் 83 நாட்களிலும் விளையாட்டுக்குத் திரும்பினர். ஒரு வாரத் தாமதம் மூன்று வார இழப்பாக மாறியது. இங்கு பயிற்சி என்பது மருத்துவக் கண்காணிப்பில், படிப்படியாகக் கூட்டப்பட்ட பயிற்சி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

வலி வரும் முன்பே அழற்சி எதிர்ப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடும் பழக்கம் உலகின் பல நாடுகளிலும் காணப்படுகிறது. இதன் விளைவு குறித்து கோபன்ஹேகனின் அபிகேல் மேக்கி, மைக்கேல் கேர் ஆகியோர் உள்ளிட்ட குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு கவனத்துக்குரியது.

14 ஓட்டக்காரர்கள் 36 கிலோமீட்டர் ஓடினர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு இண்டோமெதசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் அளிக்கப்பட்டன. தசை இழைகளின் ஓரத்தில் சாட்டிலைட் செல்கள் எனப்படும் ஸ்டெம் செல்கள் உறங்குநிலையில் இருக்கின்றன. தசையைப் பழுதுபார்க்கும் வேளையில் இவை விழித்துப் பெருகுகின்றன. போலி மாத்திரை பெற்றவர்களிடம் எட்டாம் நாளில் இந்தச் செல்கள் 27 சதவீதம் அதிகரித்திருந்தன. மருந்து எடுத்தவர்களிடம் அந்த அதிகரிப்புக் காணப்படவில்லை.

ஆயினும் இது முடிந்துபோன விவாதம் அல்ல. அதே குழுவினர் 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மின்தூண்டலால் இழைகளே சிதையும் அளவுக்குக் காயப்பட்ட தசைகளில், இபுப்ரோஃபென் எடுத்தவர்களுக்குச் சீரமைப்பு விரைவாகவே நடந்தது. காயத்தின் தன்மை மாறும்போது மருந்தின் விளைவும் மாறுகிறது என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு விடயத்தில் ஐயமில்லை. நீண்ட ஓட்டத்தின்போது, குறிப்பாக வெப்பம் மிகுந்த நாடுகளில், உடலில் நீர் குறைந்திருக்கும் நிலையில் இத்தகைய மருந்துகள் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமையாக அமைகின்றன. அவை வயிற்றுப் புண்ணையும் ஏற்படுத்தக்கூடும். வலி என்ற எச்சரிக்கையை அவை மறைத்துவிடுவது மற்றோர் ஆபத்து.

கடும் ஓட்டத்துக்குப் பின் தசைகள் மிகையாக வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் கறுத்துக் காணப்பட்டால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். அந்நிலையில் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திடீர் அதிகரிப்பின் ஆபத்து

எவ்வளவு ஓடினால் அதிகம் என்ற கேள்விக்கு டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2025இல் ஒரு புதிய விடையை முன்வைத்தது. பல நாடுகளைச் சேர்ந்த 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை அந்தக் குழு ஆராய்ந்தது. வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்பதே நெடுங்கால அறிவுரை. ஆனால் காயங்களுடன் தெளிவான தொடர்பு காட்டியது வாராந்தர மொத்தம் அல்ல. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டி ஓடியவர்களுக்கே காயம் ஏற்படும் வாய்ப்பு உயர்ந்திருந்தது. அந்தத் தூரத்தை இரட்டிப்புக்கும் மேலாக்கியவர்களுக்கு அது இருமடங்கைத் தாண்டியது.

வார நாட்களில் வேலைப்பளுவால் ஓட இயலாமல், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனைத்துக்கும் ஈடுகட்டும் விதமாக நெடுந்தூரம் ஓடுபவர்கள் சிந்திக்க வேண்டிய முடிவு இது.

ஓய்வுக்கும் வகை உண்டு

இந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஓட்டத்தின் வகைக்கு ஏற்ப ஓய்வும் மாற வேண்டும் என்பது புலனாகிறது. பழகிய தூரத்தைச் சமதளத்தில் மிதமாக ஓடியவர் மறுநாளே மீண்டும் ஓடலாம். மேட்டு ஓட்டத்துக்குப் பின் களைப்பு நீங்கினால் பெரும்பாலும் போதும். முழு வேகப் பயிற்சிகளுக்கு இடையில் இரண்டு நாள் இடைவெளி விடுவது விவேகம். பழக்கமில்லாத சரிவில் ஓடியவருக்கு வலு முழுமையாகத் திரும்ப ஒரு வாரமோ, அதற்கும் மேலோ ஆகலாம். மாரத்தான் ஓடியவர் முதல் வாரத்தில் நடை, நீச்சல் போன்ற மென்மையான பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வலி மறைந்த நாளும் தசை தேறிய நாளும் ஒன்றாக இருப்பதில்லை.

இலங்கையின் போர்ச் சூழலிலிருந்து வெளியேறி 1980களிலிருந்து டென்மார்க்கில் குடியேறிய தமிழர்கள் பலர் இன்று நடுத்தர வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். நீரிழிவும் இதய நோயும் தெற்காசியர்களை இளம் வயதிலேயே தாக்கும் நிலையில், மருத்துவரின் அறிவுரையின்பேரில் முதன்முறையாக ஓடத் தொடங்குபவர்கள் அங்கும், சென்னையிலும், யாழ்ப்பாணத்திலும், டொரொண்டோவிலும் உண்டு. முதல் வாரத்தின் வலியைக் கண்டு அஞ்சி ஓட்டத்தையே கைவிடுபவர்களும், அந்த வலியை மாத்திரையால் அடக்கிவிட்டு மேலும் ஓடுபவர்களும் இழப்பது ஒன்றையேதான். சிறிதளவு பாதிப்பு, அதற்கேற்ற இடைவெளி, பின்னர் சற்றே கூடுதலான ஓட்டம் என்ற வரிசையில்தான் தசை வலுப்பெறுகிறது. அந்த இடைவெளியும் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதுதான் கோபன்ஹேகனின் நீண்டகால ஆய்வுகள் உணர்த்தும் பாடம்.